மயூர் விஹார் பக்கம் யாராவது

இந்தக் கூடத்தை நமக்குத் திறந்துவிட்ட குடியிருப்புச் சங்கத் தலைவர் திரு. ராஜகோபாலன் அவர்களே, பாளையங்கோட்டையிலிருந்து வந்து, மூன்று வாரமாக உறவினர் வீட்டில் தங்கியிருக்கும், மறைந்த அருள்ராஜ் அவர்களின் தங்கை திருமதி உதயா அவர்களே, முன்வரிசையில் இடம் இருந்தும் கடைசித் தூணருகே நிற்கும் முத்தம்மா அவர்களே, இன்று காலை வரை ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத ‘பணிமேசை’ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. உதயா அவர்கள் கேட்டபோது மறுத்தேன். “அண்ணன் கூட தினமும் பேசுனது நீங்கதானே, நீங்க பேசாம யாரு பேசுவா?” என்றார். அதற்கு மேல் மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் நிற்கிறேன்.

பணிமேசை என்பது முப்பத்தொரு பேர் கொண்ட ஒரு சிறிய இணையக் குழு. டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் தமிழர்கள். ஒருவர் விசைப்பலகை கட்டுகிறார். ஒருவர் குளியலறையில் ஃபிலிம் சுருள் கழுவுகிறார். ஒருவர் மீன் தொட்டிக்குத் தானாக எரியும் விளக்குப் பொருத்தி இரண்டு முறை மீன்களைப் பயமுறுத்தியிருக்கிறார். அலுவலகத்தில் நாம் செய்யும் வேலையைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. வீட்டில் கெடுத்து வைத்த பொருளைப் பற்றி முப்பது பேருக்கு அக்கறை உண்டு. அப்படி ஓர் இடம்.

அந்த இடத்துக்கு மூன்று விதிகள். செய்ததைப் படத்தோடு போட வேண்டும். கெட்டுப்போனதையும் மறைக்காமல் போட வேண்டும். மூன்றாவது விதி: சொந்த விஷயம் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. பெயர், ஊர், வேலை, வீடு எதுவும் வேண்டாம்.

மூன்றாவது விதியை எழுதியவள் நான். குழுவில் என் பெயர் ‘சாம்பல்’. இன்று வாசலில் ப்ரசன்னா என்னிடமே வந்து கேட்டார்: “எக்ஸ்கியூஸ் மீ, சாம்பல் ப்ரோ வந்தாச்சா?” நான்தான் என்றேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “அச்சா... சாரி ப்ரோ” என்றார். மூன்று ஆண்டுப் பழக்கம், உடனே போகாது. ப்ரசன்னா, நீங்கள் அப்படியே கூப்பிடலாம்.

ஏன் அந்த விதி? இதற்கு முன் நான் இருந்த குழுக்களில் பெண் பெயர் தெரிந்த நாளிலிருந்து கேள்விகள் திருகாணியைப் பற்றி வரவில்லை. அதனால் எழுதினேன். அந்த விதி என்னைக் காப்பாற்றியது. அதை இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் அது காப்பாற்றாத ஒருவருக்காக அல்லவா இங்கே கூடியிருக்கிறோம்!

அருள்ராஜ் அவர்களை நாங்கள் ‘காற்றுத்துறை அமைச்சர்’ என்று அழைத்தோம். இந்தத் தலைநகரில் எத்தனையோ துறைகள், எத்தனையோ அமைச்சர்கள். தினமும் காலை ஏழு மணிக்குத் தவறாமல் அறிக்கை தந்த அமைச்சர் எங்களுக்கு ஒருவர்தான். தன் மாடி பால்கனியில் காற்றின் தூசியை அளக்கும் ஒரு சிறு கருவியை அவரே செய்து வைத்திருந்தார். அது தானாகவே குழுவுக்கு ஒரு வரி அனுப்பும். “மயூர் விஹார் காற்று: 284. உயிரோடுதான் இருக்கிறோம்.” எண் மாறும். அடுத்த வாக்கியம் மாறாது.

அவர் எங்களுக்கு அறிமுகமானதே ஒரு தோல்வியால். முதல் மாதம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கருவி 999 காட்டியது. மூன்று வாரம் தேடினார். கீழ்வீட்டு அடுப்பைச் சந்தேகப்பட்டார். எதிர்வீட்டு ஊதுபத்தியைச் சந்தேகப்பட்டார். கடைசியில் ஒரு படம் போட்டார்: தன் கட்டிலடியில் புகைந்துகொண்டிருக்கும் கொசுவர்த்திச் சுருள். கீழே எழுதியிருந்தார்: “டெல்லியின் காற்றைக் கெடுத்தது நான்தான். ராஜினாமா செய்கிறேன்.” ராஜினாமாவை யாரும் ஏற்கவில்லை. அன்றிலிருந்து சுருள் கொளுத்துவதை விட்டார், அளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

அவர் இறந்தது டெங்குக் காய்ச்சலில். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. அந்தச் சுருளுக்கும் இந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று என் அறிவு சொல்கிறது. ஆனால் அந்தக் கைதட்டலை நினைத்தால் என் கை கூசுகிறது.

முத்தம்மா அவர்கள் இந்தக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். அவர் மகளுக்கு மூச்சுத் தொந்தரவு. எந்த நாளில் பிள்ளையை முகத்தைக் கட்டி அனுப்புவது, எந்த நாளில் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று அவருக்கு யார் சொல்வது? எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்குப் படிக்க வராது. அருள்ராஜ் என்ன செய்தார் தெரியுமா? தன் குரலிலேயே எண்களைப் பதிவு செய்தார். ஒன்று, இரண்டு, இருபது, முந்நூறு. பிறகு மூன்று வாக்கியங்கள்: “பிள்ளைய அனுப்பலாம்.” “மாஸ்க் போட்டு அனுப்புங்க.” “இன்னைக்கு வேண்டாம்மா.” காலையில் ஒரு எண்ணுக்கு முத்தம்மா அழைத்தால் கருவி அன்றைய அளவைப் பார்த்து அந்தக் குரலில் பதில் சொல்லும். இது எங்களுக்கு ஒரு தொழில்நுட்பச் சோதனையாகத்தான் தெரிந்தது. யாருக்காகச் செய்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூடாதல்லவா!

பொருள்களைக் கைமாற்றுவதிலும் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சரோஜினி நகர் சந்தையில் பொத்தானும் நூலும் விற்கும் கடையில் பையை வைத்துவிட்டு வருவோம். பைமேல் குழுப் பெயர் மட்டும் இருக்கும். அடுத்தவர் பிறகு வந்து எடுத்துக்கொள்வார். அந்தக் கடைக்காரர் ஒருநாள் என்னிடம், “தும் லோக் ஜாசூஸ் ஹோ க்யா?” என்றார். நீங்களெல்லாம் உளவாளிகளா என்று கேட்கிறார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். எங்கள் முப்பத்தொரு பேரின் முகமும் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். எங்கள் ஒருவருக்கும் அவர் அளவுகூட மற்றவரைத் தெரியாது. அதில் பெருமைப்பட்டோம்.

இனி அந்த ஏழு காலைகள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காய்ச்சலோடு தானே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனார் அருள்ராஜ். தங்கைக்குச் சொல்லவில்லை, கவலைப்படுவார் என்று. எங்களுக்குச் சொல்லவில்லை; விதி இருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவருடைய கருவி எழுதியது: “மயூர் விஹார் காற்று: 311. உயிரோடுதான் இருக்கிறோம்.” நான் பதில் போட்டேன்: “அமைச்சருக்கு நன்றி.” ஞாயிறு 340. “எதிர்க்கட்சி வெளிநடப்பு” என்று ஒருவர் எழுதினார். ஞாயிறு இரவு நிலைமை மோசமாகி மருத்துவமனை உதயாவை அழைத்தது. திங்களன்று அவர் வந்து சேர்ந்தார். செவ்வாய் மதியம் அருள்ராஜ் இறந்தார். நாற்பத்து நான்கு வயது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கருவி எழுதியது: “உயிரோடுதான் இருக்கிறோம்.” அதற்கும் நாங்கள் கைதட்டும் படம் போட்டோம். நான்கு பேர். அதில் நானும் ஒருத்தி.

எங்களைவிட முத்தம்மா மேலானவர். அவர் தேடினார். ஆளைக் காணோமே என்று சனிக்கிழமையே மூன்றாவது மாடிக்கு ஏறி மணி அடித்திருக்கிறார். காவலாளி, காய்ச்சல், ஆட்டோவில் போனார் என்றிருக்கிறார். அதன் பிறகு நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன்: “எந்த ஆஸ்பத்திரின்னு யாருக்கும் தெரியல மேடம். சரின்னு மறுநா காலையில ஃபோன் போட்டேன். அண்ணன் கொரல் வந்துச்சு. ‘மாஸ்க் போட்டு அனுப்புங்க’ன்னாரு. அப்பாடா, பேசுறாரே, நல்லாத்தான் இருக்காருன்னு, அச்சா பையா, சரிண்ணான்னு வெச்சிட்டேன்.” அது பதிவு செய்த குரல் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நம்பினார். குரல் வரும்போது மனிதன் இல்லை என்று யாரால் நினைக்க முடியும்?

வியாழனன்று அடக்கம் முடிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் உதயா, வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்தார். கருவி நின்றது. சனிக்கிழமை ஏழு மணிக்கு வரி வரவில்லை. ஏழேகாலுக்கெல்லாம் குழுவே பரபரத்தது! “மெமரி கார்டு போயிருக்கும்.” “வைஃபை பாஸ்வேர்டு மாத்தினீங்களா?” “அண்ணா, அடாப்டர் சூடாகுதான்னு பாருங்க.” பத்து மணிக்குள் இருபத்தாறு யோசனைகள். நான் மின்சுற்றுப் படமே வரைந்து அனுப்பினேன்.

இயந்திரம் நின்ற பிறகுதான் தேடினோம். அப்போதும் இயந்திரத்தைத்தான் தேடினோம்.

பதினொரு மணிக்கு அருள்ராஜ் பெயரிலிருந்து பதில் வந்தது. எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. “நான் உதயா, அவங்க தங்கச்சி. அண்ணன் செவ்வாய்க்கிழமை தவறிட்டாங்க. அடாப்டர் எதுன்னு சொல்லுங்க, மாத்திருதேன்.”

உதயா அவர்களே, நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னும் நாங்கள் பதில் சொல்லவில்லை. வெள்ளை நிற அடாப்டர். பால்கனிக் கதவுக்கு இடப்பக்கம். அதில் பழுது ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை எழுதுவதற்காக உதயா கைப்பேசியைத் திறந்தபோது, எங்கள் குழுவின் எழுதும் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு வரி இருந்திருக்கிறது. அண்ணன் எழுதி அனுப்பாமல் விட்ட வரி. அழிக்க மனம் வராமல், தன் கைப்பேசியால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகுதான் அழித்தார். சென்ற வாரம் எனக்குக் காட்டினார். “யாராவது மயூர் விஹார் பக்கம் இருக்கியளா?”

அவ்வளவுதான். ஏன் அனுப்பவில்லை? காய்ச்சலில் கண் செருகியதா? நர்ஸ் வந்தாரா? மூன்றாவது விதி நினைவுக்கு வந்ததா? எனக்குத் தெரியாது. உதயா அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்: “அண்ணன் அப்படித்தான், பஸ்ல சீட்டு கேக்கக்கூட கூச்சப்படுவாங்க. நீங்க மனசப் போட்டு ஒழப்பாதீங்க.” என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். தேற்றப்பட வேண்டியவர் அவர்.

நண்பர்களே, மயூர் விஹார் பக்கம் நான் இருந்தேன்.

இங்கிருந்து பத்து நிமிட நடை. மூன்று ஆண்டுகளாக அவர் அளந்து சொன்ன காற்றைத்தான் நானும் சுவாசித்தேன். ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மெட்ரோவுக்குப் போகும்போது இந்தக் குடியிருப்பின் மதிலோரமாகத்தான் நடப்பேன். கருவியின் படத்தை அவர் குழுவில் போட்டிருந்தார். குடைக் கைப்பிடி போல வளைந்த வெள்ளைக் குழாய். அப்படி ஒரு குழாயை இங்கே மூன்றாவது மாடியில் பார்த்த அன்றே எது அவர் வீடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று நினைத்தேன். தினமும் நிமிர்ந்து பார்ப்பேன். போய்விடுவேன்.

அந்த வாரம் அந்தப் பால்கனிக் கொடியில் ஒரு நீலத் துண்டு கிடந்தது. திங்களன்று பார்த்தேன். செவ்வாயன்றும் அதே துண்டு. புதனன்றும். ஏன் எடுக்கவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. ஏழு மணி வரியைக் கைப்பேசியில் பார்த்தேன். உயிரோடுதான் இருக்கிறோம். சரி என்று ரயிலேறினேன்.

திங்களன்று அவர் உயிரோடு இருந்தார். அன்று நான் மாடியேறிக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? மருத்துவர் இல்லை நான். பிழைத்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அனுப்பாமல் விட்ட அந்தக் கேள்விக்குப் பதிலாவது கிடைத்திருக்கும். கட்டிலருகே ஒருவர் உட்கார்ந்து, அமைச்சரே, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். அதை நான் அவருக்கு இல்லாமல் செய்தேன். உதயா அவர்களே, மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை எல்லோர் முன்னும் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் வந்தேன்.

இனி என்ன செய்வது? கூட்டம் முடிந்ததும் நாம் மூன்றாவது மாடிக்குப் போகிறோம். உதயா அவர்கள் மெயின் சுவிட்சைப் போடுவார். கருவி மறுபடி அளக்கும். காற்று எப்படி இருக்கிறது என்று முத்தம்மாவின் மகளுக்குத் தெரிய வேண்டும். குரலை மாற்றலாமா என்று கேட்டதற்கு முத்தம்மா, “வேணாம் மேடம். வேற யாரு சொன்னாலும் அவ மாஸ்க் போட மாட்டா” என்றார். குரல் இருக்கும். எண் வரும். ‘உயிரோடுதான் இருக்கிறோம்’ மட்டும் கருவியிலிருந்து வராது. அந்தச் சொல்லை இனி எந்த இயந்திரமும் நமக்காகச் சொல்லக் கூடாது. நாம் ஒவ்வொருவரும் நம் விரலால் தட்ட வேண்டும். ஒன்பது மணிக்குள் ஒருவர் தட்டவில்லை என்றால் இன்னொருவர் போய் அவர் கதவைத் தட்ட வேண்டும். எரிச்சல்படுவார்கள். படட்டும்.

கதவைத் தட்ட, கதவு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள். விருப்பமில்லாதவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் முதலில் நான்தான் சொல்ல வேண்டும்.

அருள்ராஜ் அவர்களே, நீங்கள் கேட்டீர்கள். இருக்கிறேன். என் பெயர் மேதா. மயூர் விஹார், மதர் டெய்ரி பால் கடைக்குப் பின்னால் இரண்டாவது சந்து, மஞ்சள் கட்டடம், நான்காவது மாடி, இடப்பக்க வீடு. அழைப்பு மணி ஒரு வருஷமாகப் பழுது, சரி செய்யவில்லை.

கதவைத் தட்டுங்கள்.