நீச்சல் தெரியுமா என்ற கேள்வி

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் எர்ணாகுளம் படகுக்கான வரிசையில் எனக்கு முன்னால் இரு பெண்கள் நின்றிருந்தனர். மாநகராட்சிக் குப்பை சேகரிப்போரின் பச்சை மேலங்கி அணிந்த இளையவளை, தொலைக்காட்சியில் வரும் தடை தாண்டும் போட்டிக்கு அழைத்திருக்கிறார்கள் என்பது பேச்சிலிருந்து புரிந்தது. மற்றவர் அவளுடைய அண்ணி.

“நீச்சல் தெரியாதுன்னு சொன்னதும் அவங்களுக்கு ஒரே சந்தோஷம் அண்ணி. ‘அப்போ கண்டிப்பா வாங்க சேச்சி’ன்னாங்க.”

“அதுல என்னடி சந்தோஷம்? ஓடுவியா, ஏறுவியான்னு கேட்டாங்களா?”

“அதொண்ணும் கேட்கல.”

“நான் கல்யாணமாகி வந்த புதுசுல வெளிநாட்டுப் போட்டி ஒண்ணு பார்ப்போமே. ஜெயிச்சவன் யாராவது ஞாபகம் இருக்கா?”

“சேத்துல விழுந்தவங்கதான் ஞாபகம் இருக்கு. சாயா மூக்குல ஏறுற அளவு சிரிச்சோம்.”

“விழுந்தவனுக்கு அடிபட்டுதான்னு ஒரு நாளாவது கேட்டோமா?”

இளையவள் துறைக்குக் கீழே கிடந்த காயல் தண்ணீரைக் காட்டினாள்.

“தண்ணிக்கு மேல உருளுற மரக்கட்டையில நடக்கணுமாம். நிறைஞ்ச குப்பை வண்டியப் பாலத்து மேல தள்ளுறவ நான். தாண்டிடுவேன் அண்ணி.”

“நீ தாண்டுவேன்னு எனக்குத் தெரியும். அவங்க உன்னைக் கூப்பிட்டது அதுக்கில்ல.”

படகு துறையை வந்தடைந்தது, வரிசை நகர்ந்தது.

“போட்டி எப்போ?”

“ஓணம் கழிஞ்சு.”

“நாளைலேருந்து என் கூட பள்ளுருத்திக் குளத்துக்கு வா, நீச்சல் படி. அவங்க திரும்பக் கேட்டா, தெரியாதுன்னே சொல்லு.”