இரவல் நெஞ்சு

— மெதுவாப் பேசு அன்பரசா. முதல்ல கதவைச் சாத்து. சாத்திட்டுச் சொல்லு.

— சாத்திட்டேங்க முதலாளி. நேத்தே தஞ்சாவூரு நெஞ்சு டாக்டரைப் பாத்துட்டேன். உங்க வலிய அப்படியே சொல்லிட்டேன்.

— என் வலின்னா சொன்ன?

— இல்லைங்க. நீங்க சொன்னபடி, எனக்கு வலிக்குதுன்னுதான் சொன்னேன்.

— மஜீதுன்னு என் பேரு எங்கயாச்சும் வந்துச்சா?

— வரலைங்க. என்ன வேலைன்னு கேட்டாரு. பாபநாசத்துல ரைஸ் மில்லு, பாய்லர் பாக்குறேன்னேன். தலை பூரா உமி, வேற என்னத்தைச் சொல்ல.

— சரி. டாக்டர் என்ன சொன்னாரு?

— நடக்குறப்ப மட்டும் வலிக்குதா, உக்காந்திருக்கிறப்பவும் வலிக்குதான்னாரு. கேட்டுட்டு வந்து சொல்றேன்னேன்.

— யாரைக் கேட்டுட்டு?

— அவரும் அதைத்தாங்க கேட்டாரு.

— என்ன சொல்லித் தொலைச்ச?

— நெஞ்சைத்தாங்கன்னேன். ஒரு மாதிரியாப் பாத்துட்டு மெஷினை வைக்கச் சொல்லிட்டாரு.

— ஈசிஜி எடுத்தாங்களா?

— எடுத்தாங்க. ஓட வேற விட்டாங்க. ஒரு பெல்ட்டு அது பாட்டுக்கு ஓடுது, நாம அது மேல ஓடணும். ஓடிக்கிட்டே இருக்கேன், எந்த ஊருக்கும் போகலைங்க. எல்லாம் முடிஞ்சதும், நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு, போய் வேலையப் பாருன்னுட்டாரு.

— அல்ஹம்துலில்லாஹ்.

— எதுக்குங்க?

— நெஞ்சு நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரே. இத்தனை நாளா மனுஷனைப் போட்டு வாட்டிருச்சு. இது வாய்வு. நான் அப்பவே நினைச்சேன்.

— முதலாளி, அது என் நெஞ்சு.

— தெரியும்.

— ஒயரு ஒட்டுனது எனக்கு.

— சொன்னது என் வலிதானே? படிச்ச மனுஷன், கேட்டாலே புரிஞ்சிருக்கும்.

— கேட்டப்ப அவரு முகம் மாறிப்போச்சுங்க. மெஷினைப் பாத்துட்டுத்தான் சிரிச்சாரு. நீ சொல்ற மாதிரி வலி ஒருத்தருக்கு நெசமா இருந்தா வீட்டுக்கே அனுப்ப மாட்டேன்னாரு.

— ஒருத்தருக்குன்னா எனக்குன்னு அர்த்தமா?

— வேற யாருக்குங்க அந்த வலி? மில்லுல நடக்குற சனிக்கிழமை வகுப்புல நிலோஃபரம்மா என்ன சொல்லிக் குடுத்தாங்க...

— என் மருமகளை இதுல இழுக்காத.

— நாமளா ஊசி போடுங்கன்னு கேக்கக் கூடாது. மாத்திரை குடுத்தா எதுக்குன்னு கேக்கணும். அடுத்தவங்களுக்கு எழுதுன மாத்திரைய முழுங்கக் கூடாது. அடுத்தவன் நெஞ்சை வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லலைங்க. அப்படி யாரும் செய்வாங்கன்னு அவங்களுக்குத் தோணியிருக்காது.

— அந்த வகுப்பு தொழிலாளிங்களுக்கு. எனக்கு இல்ல.

— தொடங்கி வச்சது நீங்கதாங்க. வெள்ளைக் கோட்டைப் பாத்ததும் கையக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க, வாயத் தொறந்து கேளுங்கன்னு மைக்குல பேசுனீங்க. களத்துல நெல்லு தள்ளுற நம்ம செம்மொழி தட்டுன கைத்தட்டுல மூட்டை அடுக்கே ஆடுச்சு.

— அது மேடைப் பேச்சு.

— எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்க. செம்மொழி அன்னையிலேர்ந்து மூட்டு வலிக்கு எங்க போனாலும் கேள்வியாக் கேக்குது. கும்பகோணத்துல ஒரு டாக்டரு இது தலையக் கண்டாலே சாப்பிடப் போயிடுறாராம்.

— செம்மொழி கதைய விடு. வேற என்ன கேட்டாரு?

— குடும்பத்துல யாருக்காச்சும் இந்தக் கோளாறு இருந்துச்சான்னு கேட்டாருங்க.

— நீ என்ன சொன்ன?

— எங்கப்பாவ மாடு முட்டிருச்சுன்னேன்.

— உங்கப்பனை யாருடா கேட்டா?

— என்னையத்தானே கேட்டாரு. உங்க வீட்டுச் சங்கதி எனக்கு எப்படிங்க தெரியும்?

— தெரிஞ்சுக்க. எங்க வீட்டு ஆம்பளை ஒருத்தரும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்தது கிடையாது. அத்தா களத்துல நெல்லு காயிறதைப் பாத்துக்கிட்டு நின்னாங்க, நின்னபடியே போனாங்க. பெரிய அண்ணன் ஜும்ஆ தொழுகைக்குப் போய், கை கால் கழுவி ஒளூ செஞ்சுட்டு எழுந்திரிச்சாரு, அவ்வளவுதான். யாருக்கும் பாரமா இருந்தது இல்ல.

— படுக்க நேரம் கெடைக்கலைங்க.

— என்னது?

— ஒண்ணும் இல்லைங்க. அத்தாவுக்கு அப்ப என்ன வயசு?

— என்னை விடக் கம்மி.

— அண்ணனுக்கு?

— லாரி வந்துருச்சா பாரு.

— லாரி நாளைக்குத்தாங்க. முதலாளி, காரு வாசல்லயே நிக்குது. வாங்க, ஒரு எட்டு தஞ்சாவூரு போயிட்டு வந்துடலாம். உங்க நெஞ்சை உங்ககிட்டயே வச்சுப் பாக்கட்டும்.

— இன்னைக்கா? சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் மயிலாடுதுறைக்காரங்க வர்றாங்க. என் பேத்தி நஜ்மாவுக்கு நாள் குறிக்கப் போறாங்க. இந்த நேரத்துல பாட்டன் ஆஸ்பத்திரியில கெடக்குறான்னா என்ன பேசுவாங்க? அந்த வீட்டு ரத்தமே பலவீனம்பாங்க. நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்பாங்க.

— அப்படிப் பேசுறவங்களாங்க?

— மாப்பிள்ளையோட அத்தா ஜெய்னுலாபுதீனை என்னன்னு நினைச்ச? கடைத்தெருவுல அவரு நடந்து வந்தா ஜனம் ஒதுங்கும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே கேட்டாரே, வீட்ல எல்லாரும் ஆரோக்கியம்தானே பாய்னு. உடனே எழுந்திரிச்சேன். மாடிப்படிய ஓடி ஏறிக் காட்டுனேன்.

— வலி அன்னைக்குத்தான் ஆரம்பிச்சதா?

— யார் சொன்னா?

— எப்ப ஆரம்பிச்சதுன்னு டாக்டர் கேட்டாருங்க.

— அன்னைக்குத்தான். பாதிப் படியில.

— இப்ப வலிக்குதுங்களா?

— இல்ல.

— ஏன் தாடையப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?

— யோசிக்கிறேன்.

— ஜிப்பா நனைஞ்சிருக்கு.

— யோசிச்சா வேர்க்கும்.

— நூத்தியெட்டுக்குப் போன் போடட்டுங்களா?

— ஊரெல்லாம் கேக்க ஊதிக்கிட்டு ஒரு வண்டி என் வாசலுக்கு வந்துச்சு, நாளையிலேர்ந்து உனக்குப் பாய்லர் கிடையாது.

— அப்ப இன்னொண்ணையும் சொல்லிடுறேங்க. சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில பாத்த ஆளைப் பத்தி வெளிய வந்து பேசக் கூடாதுன்னு வகுப்புல சொல்லியிருக்காங்க.

— அப்ப பேசாத.

— சரிங்க.

— யாரு?

— சித்தீக்.

— எந்த சித்தீக்?

— பொண்ணு பாக்க வந்தப்ப வேன் ஓட்டிக்கிட்டு வந்தாரே, சம்பந்தி வீட்டு டிரைவரு. பெஞ்சுல எனக்கு முன்னாடி உக்காந்திருந்தாரு.

— நெஞ்சு டாக்டர்கிட்டயா? பாவம், சின்ன வயசாச்சே. என்னவாம்?

— படி ஏறுனா அடைக்குதாம். இடது கை மரத்துப்போகுதாம். எங்க வலிக்குதுன்னு நர்ஸம்மா கேட்டா வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டுறாரு. ஏம்ப்பா, இடது பக்கம்னியேன்னு அவங்க அதட்டுனதும், இருங்க, போன் பண்ணிக் கேட்டுட்டு வர்றேன்னு வெளிய ஓடுறாரு.

— யாருக்குப் போனு?

— அவங்க முதலாளிக்குங்க.

— என்னது?

— நான் அவரைப் பாத்து ஒண்ணும் கேக்கல. அவரும் என்னையப் பாத்து ஒண்ணும் கேக்கல. ரெண்டு பேரும் வெளிய போயி டீ குடிச்சோம்.

— அவனுக்கு என்னன்னு வந்துச்சு?

— அதுவும் கல்லு மாதிரிதாங்க. அங்கயே நின்னு போன்ல சொன்னாரு. அந்தப் பக்கம் அல்ஹம்துலில்லாஹ்னு போட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு.

— அந்த மனுஷன் அதை நம்பிட்டாரா?

— நம்பிட்டாருங்க.

— எவன் நெஞ்சையோ வாங்கி வச்சுக்கிட்டு நம்புறாரா? மயிலாடுதுறையில பாதிக் கடைத்தெருவுக்குச் சொந்தக்காரரு, இவ்வளவு மடத்தனமாவா இருப்பாரு?

— இருப்பாரு போலருக்குங்க.

— பல்லைக் காட்டாத. இங்க வந்தா சும்மா உக்கார மாட்டாரு. நான் அன்னைக்கு மாடிய ஓடி ஏறுனேன்ல, அதுக்குப் பதில் காட்டாம விட மாட்டாரு.

— ஏறிடுவாருங்க.

— என் வீட்டுப் படியிலேயே விழுந்து வைப்பாரு. கல்யாண வீட்டை மௌத் வீடா ஆக்கிட்டுப் போயிடுவாரு. இப்ப எங்க வந்திருப்பாங்க?

— கும்பகோணம் தாண்டியிருப்பாங்க.

— டாக்டர்கிட்ட நேர்ல போய்க் காட்டுங்கன்னு நான் சொன்னா கேப்பாரா?

— நான் சொன்னதுக்கு நீங்க கேட்டீங்களா?

— கேக்க மாட்டாரு. என்னைப் பாத்து உனக்கு வீட்டுல வேற வேலை இல்லையாம்பாரு. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன்.

— அப்ப என்னங்க செய்யிறது?

— கார் சாவிய எடு. இப்படி வா, தோளைக் குடு. அவ்வளவு மறைச்சுப் பிடிக்காத, களத்துல நிக்கிறவங்க பாத்தாப் பாக்கட்டும்.

— வீட்டுக்குங்களா?

— தஞ்சாவூருக்கு. போற வழியில நிலோஃபருகிட்ட சொல்லிடலாம். சித்தீக் நம்பர் இருக்கா உன்கிட்ட?

— டீ குடிக்கிறப்ப வாங்கி வச்சேங்க.

— போடு. பாபநாசத்துல நிறுத்த வேணாம், வண்டிய நேரா அந்த ஆஸ்பத்திரிக்கே விடச் சொல்லு.

— காரணம் கேப்பாங்களே முதலாளி. என்னன்னு சொல்லட்டும்?

— மஜீது பாய்க்கு நெஞ்சு வலி, ஒயரைப் பாத்துட்டுப் பயந்து நடுங்குறாரு, சம்பந்தி வந்து முதல்ல தன் நெஞ்சுல ஒட்டிக் காட்டுனாத்தான் ஒட்டிக்குவேன்னு சின்னப்புள்ள மாதிரி அழுவுறாருன்னு சொல்லு.