ரத்தக்காரரின் கிக்கரைக் கழற்றிய நாள்

அவைத் தலைவர் அவர்களே, ரத்ததானச் சங்கத்துத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, மறைந்த நம் செயலாளர் அண்ணன் கொண்டுவந்து சேர்த்த ரத்தத்தால் பிழைத்து இங்கே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நான் அவருடைய மெக்கானிக். என் கைக்குத் திருப்புளி பழக்கம், ஒலிபெருக்கி புதிது.

நம் செயலாளரை ஊரே 'ரத்தக்காரர்' என்றுதான் அழைத்தது. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதருக்கு அப்படியொரு பெயர்! ரத்த வங்கிக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இடையே ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடினார். எதில் ஓடினார்? அவரைவிட வயதில் மூத்த ஒரு மோட்டார் சைக்கிளில். கிளப்பக் கிக்கரை உதைத்தால் நம்மைத் திருப்பி உதைக்கும் வண்டி அது. அப்படித் திருப்பி உதைத்ததில் ஒருநாள் அவருடைய வலது முட்டி போய்விட்டது. ஓட்டலாம், இனி உதைக்கவே கூடாது என்றார் டாக்டர்.

வண்டியை விற்றுவிடச் சொன்னார் அண்ணி. அதில் என்ன தவறு? வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவர் அவர். ஆனால் அண்ணன் நேராக என் பட்டறைக்கு வந்து, பட்டன் ஸ்டார்ட் வைத்துத் தரச் சொன்னார். நான் தயங்கினேன். அந்தக் காலத்து எஞ்சினில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இடமே கிடையாது. கிக்கரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் மூடியை அறுத்து, அங்கேதான் பொருத்த வேண்டும். விரிசல் விட்டால் மாற்று மூடி எங்கும் கிடைக்காது.

"அறுப்பா. சும்மா நிக்கிற வண்டிக்கு மூடி எதுக்கு?" என்றார்.

அறுத்தேன். விரிசல் விடவில்லை. அவர் வீட்டு வாசலில் கடைசி ஒயரை முடுக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவருக்கு வேண்டியதோ அரிய வகை ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலத்தில் லாரி கவிழ்ந்து கிடந்தது. இரு சக்கர வண்டி மட்டுமே நுழைய முடியும். நான் சாமான்களோடு ஆட்டோவில் வந்திருந்தேன். தெருவில் வேறு வண்டி ஒன்றும் இல்லை.

அண்ணன் பட்டனை அழுத்தினார். மோட்டார் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினார். சத்தம் இழுத்து, இளைத்து, அடங்கிவிட்டது. பேட்டரி இறங்கிவிட்டது. உதைக்கலாமா? எதை உதைப்பது? கிக்கரை என் கையாலேயே கழற்றிப் போட்டிருந்தேனே!

கதவருகே நின்றிருந்த அண்ணி படியிறங்கி வந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"கியர்ல போட்டு உக்காருங்க. நாங்க தள்றோம்."

தள்ளினோம். வண்டி இருமியது, அடங்கியது. நான் நின்றுவிட்டேன், அண்ணி நிற்கவில்லை. ஓடிப்போய் மறுபடி தோள் கொடுத்தேன். தெரு திரும்பும் இடத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். அவர் திரும்பி வரும்வரை நானும் அண்ணியும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பெண் பிழைத்தார். அதோ, மகளோடு அமர்ந்திருக்கிறார்.

அதன்பிறகு வண்டியை விற்கும் பேச்சை அண்ணி எடுக்கவில்லை. என்னிடம் மட்டும், "அந்தப் பட்டனை ஒழுங்கா வேலை செய்ய வைங்க தம்பி. ஒவ்வொரு தடவையும் என்னால தள்ள முடியாது" என்றார். பெரிய பேட்டரியாக வைத்துக்கொடுத்தேன். எத்தனை உயிர்களுக்காக ஓடியது அந்த வண்டி!

அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். இனி இப்படி ஒருவரை எங்கே தேடுவோம்? தேட வேண்டாம் என்கிறார் அண்ணி. பக்கத்து அறையில் கட்டில்கள் போட்டு, ரத்தம் எடுக்க நர்சுகளை உட்கார வைத்திருக்கிறார். அண்ணன் பணியைத் தொடர்வோம் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது எளிது. மௌன அஞ்சலி முடிந்ததும் யாரும் வாசல் பக்கம் திரும்ப வேண்டாம். நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். வாருங்கள்.