நேற்றைய வள்ளம்

புதிதாக ஒரு தொலைபேசி வாங்கினால் அதன் பெட்டியை நான் எறிவதில்லை. என் அலுமாரியின் மேல்தட்டு முழுவதும் வெறும் பெட்டிகள்தான். "உதுக்குள்ள ஒண்டுமில்லைத்தானே, ஏன் அடுக்கி வச்சிருக்கிறாய்?" என்று அம்மா கேட்பார். பெட்டியைத் திறக்கும்போது வருகிற புது வாசனை எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். "எங்க இருந்து வேணுமெண்டாலும் தொடங்கும், உம்மடை பாட்டில எழுதித் தாரும்" என்று நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள்.

என் பெயர் றொசாந்தன். விடத்தல்தீவில் தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். எங்கள் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. சார்ஜ் ஏற்றுகிற துளைக்குள் பச்சை பிடித்துவிடும், ஒலிபெருக்கி இரண்டு மழைக்குள் கரகரக்கத் தொடங்கிவிடும். செத்துப்போனது என்று கொண்டுவந்து வைப்பார்கள். நான் திறந்து, துடைத்து, எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பேன். திரையில் மறுபடி வெளிச்சம் வரும்போது எனக்கு வருகிற சந்தோஷம் சொந்தக்காரருக்குக்கூட வராது. மனிதர்களோடு எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கருவி பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

எங்கள் ஊர் மீனவர் வலன்ரைன் அண்ணை கடலில் இறந்தது விபத்து என்று எழுதி, அந்த விசாரணையை நீங்கள் முடித்துவிட்டீர்கள். அது முழுக்கச் சரியில்லை. அதனால்தான் ஒருவரும் கூப்பிடாமல் நானாகப் பொலிசுக்கு வந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலுக்குப் போன வள்ளம் வரவேண்டிய நேரத்துக்கு வராவிட்டால், வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கோயிலில் சொல்வார்கள். மணி அடிக்கும். அந்த மணிக்கு எல்லோரும் கட்டுப்பட்டவர்கள். சாப்பாட்டுக் கோப்பையில் கைவைத்தவர்கூட எழும்பிப் போவார். கோபதாபம், பேச்சுவார்த்தை இல்லாதது எல்லாம் அப்போது ஒரு பக்கம் போய்விடும். வந்து சேராதவரைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு வள்ளமும் தன் தொழிலைப் பார்க்காது.

நல்ல வழக்கம்தான். ஆனால் என் கண்ணுக்கு அது குருட்டுத்தனமாகப் பட்டது. எங்கே தேடுவது என்றே தெரியாமல் இத்தனை பேர் எண்ணெய் எரித்துக்கொண்டு அலைவதா? ஆகவே ஒரு கருவி செய்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், தண்ணீரில் மிதக்கும். இருக்கும் இடத்தைச் செய்மதியில் அறிந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான், ஆபத்தென்றால் அழுத்துவதற்கு. கோயில் பாதரிடம் கேட்டு மணிக்கூண்டின் மேல் அன்ரெனா பூட்டினேன். என் கடைத் திரையில் ஒவ்வொரு வள்ளமும் ஒரு பச்சைப் புள்ளியாக ஊர்ந்தது. பெண்கள் சந்தைக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்து, "எங்கட ஆள் எங்க நிக்கிறார் தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதுவரை யாரும் என்னை அப்படித் தேடி வந்ததில்லை.

வலன்ரைன் அண்ணை என்னை 'விஞ்ஞானி' என்றுதான் கூப்பிடுவார். பகிடிக்காரர். பெட்டியை வாங்கிக்கொண்ட கிழமையே நடுக்கடலில் பொத்தானை அழுத்திவிட்டார். நான் செருப்பும் இல்லாமல் கோயிலுக்கு ஓடினேன். மணி அடித்தது, வலை விரித்திருந்தவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். போய்ப் பார்த்தால் மனிதர் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிறார்.

"வேலை செய்யுதோ எண்டு பாத்தனான் விஞ்ஞானி. நீ ஓடி வருவியோ எண்டும் பாத்தனான்," என்றார்.

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைய மீன்பாடு போன ஆத்திரத்தில் சிலர் என்னைத்தான் ஏசினார்கள். அன்று மீனவர் சங்கத்தில் ஒரு முடிவெடுத்தார்கள்: இனிமேல் றொசான் திரையைப் பார்த்துச் சொன்னால்தான் மணி. ஏச்சு வாங்கிய அன்றே அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை. காலங்காலமாக ஊருக்குச் சொந்தமாக இருந்த ஒன்றை என் கையில் தூக்கித் தந்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். கருவி பிடித்திருந்தால் முசலி, கொண்டச்சி வரை எல்லாக் கரைக்கும் கொடுப்பதாகப் பேச்சு. கோயில் மண்டபத்தில் கதிரை போட்டு, சுவரில் பெரிய வெள்ளைத் துணி கட்டி, என் திரையை அதில் விழுத்தினோம். பாதர் முன்வரிசையில். பெண்கள் பின்னால். வலன்ரைன் அண்ணையின் மனைவி றெபேக்கா அக்கா எல்லோருக்கும் பலகாரம் கொடுத்துக்கொண்டு நின்றார். அண்ணை அன்று தனியாகப் போயிருந்தார், கூடப் போகிறவருக்குக் காய்ச்சல்.

நான் பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில் காற்சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. வலன்ரைன் அண்ணையின் பொத்தான். இன்றைக்குமா என்று நினைத்தேன். சபைக்கு முன்னால் என்னை ஓடவைத்துப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அந்த ஒரு தடவைக்கு என்னை மன்னிக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. சுவரில் அவருடைய புள்ளி சிவப்பாக மாற முன்னம் அறிவிப்பை நிறுத்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

திரும்பவும் அதிர்ந்தது. பகிடிக்காரர் ஒரு தடவைதான் அழுத்துவார். வெளியே மண்டபத்துக் கூரைத் தகரம் காற்றில் அடிபடுவதும் கேட்டது. எனக்கு விளங்கிவிட்டது, ஐயா. விளங்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய்.

ஆனால் வந்தவர்களில் ஒருவர் அப்போதுதான், "இது எவ்வளவு நம்பகமானது?" என்று கேட்டிருந்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மணி அடித்தால் மண்டபம் காலியாகிவிடும். மறுபடியும் பகிடியாக இருந்தால் நான் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. பகிடி இல்லையென்றாலும் வந்தவர்கள் அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இணைப்பு அறுந்தால் காட்டுவதற்கென்று முதல்நாள் பயணங்களைப் பதிந்து வைத்திருந்தேன். ஒரு விசையைத் தட்டினேன். சுவரில் ஓடியது நேற்றைய கடல். நேற்றைய வள்ளங்கள் நேற்றுப் போலவே வடக்கே இரணைதீவுப் பக்கத்திலிருந்து கரையை நோக்கித் திரும்பின. வலன்ரைன் அண்ணையின் புள்ளியும் பச்சையாக, ஒழுங்காக வந்தது. கைதட்டினார்கள்.

றெபேக்கா அக்கா அதைப் பார்த்து நின்றார். கணவன் வீட்டுக்கு வருவதை அப்படிக் கண்ணால் கண்டது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"வாறார் என்ன தம்பி? அப்ப நான் போய் உலை வைக்கிறன்," என்றார்.

"ஓம் அக்கா, வாறார். போங்கோ," என்றேன்.

பின்னேரம் ஆகியும் வள்ளம் வரவில்லை. அக்கா கரைக்கும் என் கடைக்குமாக நடந்தார். நிறுவனத்தார் இன்னும் பாதரின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் மெதுவாக ஓடுகிறது போல, கிட்டத்தான் நிற்கிறார் என்று சொன்னேன். அவர்களுடைய வாகனம் புறப்பட்டுப் போன பிறகுதான் மணி அடிக்கச் சொன்னேன். பொழுது பட்டிருந்தது. எந்தப் பக்கம் என்று ஆட்கள் கேட்டார்கள். எல்லோரும் சுவரில் பார்த்த வழியையே நானும் காட்டினேன். வள்ளங்கள் வடக்கே போயின.

நாலு நாளுக்குப் பிறகு பேசாலைப் பக்கத்து வலையில் உடல் வந்தது. நீரோட்டம் இழுத்திருக்கிறது என்று படம் கீறி விளக்கியவன் நான்தான். அந்தப் படம் உங்கள் கோப்பிலும் இருக்கும். அன்று நடந்ததன் பதிவை அழித்தவனும் நான்தான்.

இதையெல்லாம் மறைத்துக்கொண்டு நான் வாழ்ந்திருப்பேன். அப்படியான ஆள்தான் நான். என்னை இங்கே கொண்டுவந்தது றெபேக்கா அக்கா.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு அவர் கடைக்கு வந்தார். அன்றைய பயணத்தைத் திரும்ப ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார். மண்டபத்தில் ஓடவிட்ட அதே பழைய பதிவை எடுத்தேன். போட்டுக் காட்டினேன். பிறகு அடிக்கடி வரத் தொடங்கினார். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார், எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பச்சைப் புள்ளி கரைக்குக் கிட்ட வருவதை, நான் நிறுத்தும்வரை, இமைக்காமல் பார்ப்பார்.

ஒருநாள் திரையில் விரலை வைத்துச் சொன்னார்: "இவ்வளவு கிட்ட வந்திட்டார் தம்பி. இதில நிண்டு கத்தியிருந்தாலும் கேட்டிருக்கும். நான் கரையில நிண்டிருந்தா ஆரையெண்டாலும் கூப்பிட்டிருப்பன். நான் குசினிக்குள்ள நிண்டிட்டன். நான்தான் அவரை விட்டிட்டன்."

"அப்பிடி இல்லை அக்கா," என்றேன்.

"நீ என்ன தம்பி செய்வாய். நீ கடைசிவரைக்கும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீ."

அன்று அவர் கொண்டுவந்த சோற்றை நான் தின்ன முடியாமல் நாய்க்குப் போட்டேன். மண்டபத்தில் நான் ஓடவிட்ட பொய்யை இந்த மனுசி தன் பாவமாகச் சுமக்கிறார். சமைக்கப் போன குற்றத்துக்காக அடுப்படிக்குள் போகவே இப்போது அவருக்குப் பயமாம், எனக்குச் சாப்பாடு கொடுக்க மட்டும் போகிறாராம். அதைக் கேட்டபிறகு எனக்கு நித்திரை இல்லை. நான் கெட்டவன் ஐயா. அவர் அன்று கரையில் நின்றிருந்தாலும் ஒன்றும் கண்டிருக்கமாட்டார் என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். என் வாயால் என்னால் ஏலாது. நீங்கள் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்றை எழுதவில்லை. பேனையை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்திருக்கிறேன்.

நான் தப்பான வழி காட்டியது, சரியான இடம் தெரியாததால் அல்ல. வலன்ரைன் அண்ணை மேற்கே, பேசாலைக்கு நேரே வெளிக்கடலில் மிதந்துகொண்டிருந்தார். எனக்கு அது துல்லியமாகத் தெரியும். வள்ளங்கள் வடக்கே வெளிச்சம் அடித்துத் தேடிக்கொண்டிருந்தபோது நான் கரையில், அழுதுகொண்டிருந்த றெபேக்கா அக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் பைக்குள் தொலைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. அது தானாக வருகிற செய்தி இல்லை. விரலால் அழுத்தினால் மட்டுமே வரும். ஒவ்வொரு தடவையும் அவர் இருக்கும் இடமும் அதில் வந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், வள்ளங்கள் திரும்பியிருக்கும். சொன்னால், பகலிலேயே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. முதலில் அடுக்கடுக்காக வந்தது. பிறகு இடைவெளி கூடியது. கிழக்கு வெளுக்கிற நேரத்தில் ஒருமுறை வந்தது, அதற்குப் பிறகு வரவில்லை.

அதுவரை நான் அந்தத் தொலைபேசியை அணைக்கவில்லை, ஐயா. அணைத்தால் அவரைக் கைவிட்டதாகிவிடும் என்று எனக்குப் பட்டது.