நான்கு நிமிடக் கணிப்பு

டிசம்பர் பிறந்தால் எங்கள் துறையில் எல்லோருமே ஜோசியர்கள்தாம் ஐயா. இணையதளத்துக்கு யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள், எத்தனை நொடி நின்றார்கள் என்று கணக்கெடுப்பது எங்கள் பிழைப்பு. வருடக் கடைசியில் அடுத்த வருடம் இப்படி இப்படி நடக்கும் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளுவோம். பிறகு யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியம்தான்.

நான் அந்த ரகமில்லை. போன டிசம்பரில் துறைக் கூட்டத்தில் மேடையேறி ஒரே வரி சொன்னேன்: “அடுத்த வருஷம் எங்க தளத்துக்கு வர்றவங்க சராசரியா நாலு நிமிஷம் நிப்பாங்க.”

கொல்லென்று சிரித்தார்கள். எங்களுடையது விஷமுறிவு உதவி மையத்தின் தளம். பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் பெற்றவர்கள் வருவார்கள். முதல் பக்கத்திலேயே தொலைபேசி எண். பார்த்ததும் ஓடிவிடுவார்கள். சராசரி பதினோரு நொடி. எங்கள் கணக்கில் அதற்குப் பெயர், சரக்குப் பிடிக்காமல் திரும்பிப் போன வாடிக்கையாளர்.

என் அப்பா துணிக்கடைக்காரர். கேட்ட துணியை லேசில் எடுத்துப் போடமாட்டார். அது கடைசி அலமாரியில் இருக்கும். அதற்குள் வந்தவர் கடை முழுக்கப் பார்த்து முடித்திருப்பார். நானும் அதையே செய்தேன். தொலைபேசி எண்ணை எடுத்து ஐந்தாம் பக்கத்தில் வைத்தேன்.

தளத்தை வடிவமைக்கும் பெண் முறைத்தாள். “அண்ணே, அவசரத்துல வர்றவங்க என்ன பண்ணுவாங்க?”

“படிப்பாங்கம்மா.”

“பிள்ளை வாயில நுரை தள்ளுது, உக்காந்து கட்டுரை படிப்பாங்களா?”

படித்தார்களே. மார்ச்சில் இரண்டு நிமிடம். செப்டம்பரில் நான்கைத் தாண்டியது. சிரித்தவர்களெல்லாம் வந்து கை குலுக்கினார்கள். மையத்துக்கு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்துவிட்டன என்று தொலைபேசி எடுக்கும் அம்மா கவலைப்பட்டார். “ஜனங்க உஷாராயிட்டாங்கம்மா, சந்தோஷப்படுங்க” என்றேன்.

நவம்பரில் அந்தப் பெண் கெஞ்சவே செய்தாள். “நம்பரை மேலே போட்டுடலாம்ணே. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“ஒரு மாசம் பொறும்மா. இப்ப மாத்தினா சராசரி விழுந்துடும்.”

ஆகவே வாக்குமூலத்தில் தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதாதீர்கள் ஐயா. தெரிந்துதான் செய்தேன். துறையில் அத்தனை பேர் ஜோசியமும் பொய்த்தது. என்னுடையது மட்டும் பலித்தது.

உங்கள் மேசையில் இருக்கும் தாளில் ஒரு வருகையை வட்டமிட்டிருக்கிறீர்கள். டிசம்பர் ஒன்பது, காலை பத்தரை. குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தைக் குடித்த மூன்று வயதுப் பெண் குழந்தையின் தாய். பதினேழு நிமிடம் இருந்திருக்கிறார். எங்கள் தளத்தில் அத்தனை நேரம் யாரும் நின்றதில்லை. முதல் பக்கத்துக்கு ஆறு முறை திரும்பி வந்திருக்கிறார். நான்காம் பக்கம் வரை போயிருக்கிறார்.

இன்னும் ஒரே ஒரு பக்கம் ஐயா. பொறுமையில்லாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?