பெஞ்சமின் ஏறிய தூங்குமூஞ்சி மரம்

ஸ்டேஷன் வாசலில் நிற்கும் புங்கமரத்தை யாரோ கன்னாபின்னாவென்று வெட்டியிருக்கிறார்கள், ஐயா. ஒரு பக்கக் கிளைகளை மொத்தமாகக் கழித்தால் மரம் மறுபக்கம் சாயத்தான் செய்யும். வெட்டியவரிடம் சர்ட்டிபிகேட் இருந்திருக்கும்.

நான் பிச்சமுத்து. ஊர் ஸ்ரீரங்கம் மேலூர். எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கிளை கழித்தவன். என் வேலையில் அங்கே ஓர் ஓடுகூட உடைந்ததில்லை. போன மாதம் மேனேஜர் ஸ்டீபன்ராஜ் கூப்பிட்டார்.

"இனிமே சர்ட்டிபிகேட் உள்ளவங்கதான் மரம் ஏறணுமாம், பிச்சமுத்து. இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டேங்குறாங்க. நீங்க கீழ நின்னு கயிறு புடிங்க" என்றார்.

பக்கத்தில் பெஞ்சமின் நின்றிருந்தார். முப்பது வயசு, பத்து நாள் பயிற்சி. அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? டீச்சர்கள் எல்லாரும் பார்க்க, அவர் வெட்டிப் போட்டதை நான் பொறுக்கினேன். மற்றபடி பெஞ்சமின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. மதியம் பொரித்த மீனில் பாதியை என் டிபன் மூடியில் வைப்பார். நானும் சாப்பிட்டேன்.

அடுத்த வேலை மைதானத்துத் தூங்குமூஞ்சி மரம். உச்சிக்குச் சற்றுக் கீழே இரண்டு கிளைகள் உண்டு. தடித்த கிளையைப் பார்க்கிற யாரும் இடுப்புக் கயிற்றை அதில்தான் கட்டுவார்கள். ஆனால் அது உள்ளே உளுத்துப்போனது எனக்குப் போன வருஷமே தெரியும். பக்கத்து ஒல்லிக் கிளைதான் ஆளைத் தாங்கும். தடித்த கிளையின் மேல்பக்கம் ஒரு பொந்து இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் ஏறி, களிமண்ணும் பட்டைத்தூளும் குழைத்து அதை அடைத்தேன். மழைத்தண்ணீர் இறங்கினால் மரத்துக்கு ஆகாது, அதற்காகத்தான்.

திங்கட்கிழமை பெஞ்சமின் ஏறினார். கயிறு கட்டுவதற்கு முன், அரிவாளைத் திருப்பிப் பிடித்துக் கிளையைத் தட்டினார். காது கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் தட்டினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணே, சத்தம் ஒரு மாதிரி இருக்கே. இதுல கட்டலாமா?"

"வருஷா வருஷம் நான் கட்டுற கிளைதாங்க. தாங்கும்."

அதற்குமேல் அவர் தட்டவில்லை. கயிற்றைக் கட்டினார், சாய்ந்தார். முப்பதடி உயரம். கிளையும் அவரும் சேர்ந்தே வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி லின்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் கூட இருக்காரு, பயமில்லன்னு சொல்லிட்டுத்தாங்க கிளம்பினாரு" என்று அழுதார். நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் களிமண்ணை நீங்களே எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். பிறகு எதற்குச் சுற்றி வளைப்பது? பொந்தை அடைத்தது நான். தாங்கும் என்று சொன்னதும் நான். அவர் விழுவார் என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே இதையும் எழுதுங்கள், ஐயா. அந்தத் தாளில் இருந்ததுபோல அவருக்கு நிஜமாகவே வேலை தெரிந்திருந்தால், என் பேச்சை நம்பியிருக்க மாட்டார்.