நோவு தெரியாத கால்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், என் முன் சீட்டில் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

"நொண்டற நம்ம காளைக்கு இத்துனூண்டு அபின் குடுத்தா, ரேக்ளா பந்தயம் முடியற வரைக்கும் கால் நோவு தெரியாது புள்ள. ராஜஸ்தான் லோடுல அதைப் போட்டப்ப எனக்கு அலுப்பே தெரியலயே."

"உங்களுக்குக் கண்ணு சொக்கும். மாட்டுக்கு வெறியேறி நெஞ்சு தறிகெட்டு அடிக்கும்னு மாட்டு டாக்டரு சொன்னாருங்க. ஓடும்போதே உசுரு நின்னுரும்."

"நம்ம காளை தாங்கும்."

"ஏனுங்க, இஞ்சின் சூடானா, சூடு காட்டற மீட்டரைப் புடுங்கிப் போட்டுட்டு லாரி ஓட்டுவீங்களா?"



"பந்தயத்துக்குப் பேரு குடுத்தாச்சே."

"பேரை அடிக்கச் சொல்லுங்க. நான் உடமாட்டேன்."

அவர் போன் போட்டார்.

"அண்ணா, ரேக்ளாவுல என்ற பேரை அடிச்சிருங்க. காளைக்கு ஒண்ணுமில்லீங்க. ஊட்டுல உடமாட்டேங்கறாங்க."